கெலிஓயா பிள்ளைகளிடம் திறமை இருக்கிறது. ஏறிப் போக ஏணி இருக்கிறதா?

"பந்தடிச்சு என்னத்தக் காணப் போறாய்?"

கெலிஓயாவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பந்து விளையாடும் பிள்ளை இருக்கின்ற வீடுகளில் அடிக்கடி எழுகின்ற கேள்வி இது. கேட்கின்ற வாப்பாவையோ உம்மாவையோ நான் குறை சொல்ல மாட்டேன். சாதாரண தரப் பரீட்சை முன்னால் நிற்கிறது. வீட்டுச் செலவு கழுத்தை நெரிக்கிறது. பந்தடித்துக் குடும்பத்தைக் கரைசேர்த்த ஒருவரை இந்த ஊரில் அவர்கள் கண்டதும் இல்லை. கண்டிப் பக்கத்தில் விளையாட்டால் பெயர் எடுத்தவர்கள் என்றால் றகர் வீரர்களும் கிரிக்கெட் வீரர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். உதைபந்தாட்டம் என்பது அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் விளையாடி முடிக்கின்ற ஒன்றாகவே இங்கு பார்க்கப்படுகிறது.

ஆனாலும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் ஒன்றை நாம் சொல்லியாக வேண்டும். "திறமை இருந்தால் தானாக மேலே வருவான்" என்று மைதான ஓரத்தில் நின்று நாம் சொல்வது பதில் ஆகாது. ஓர் ஊர்ப் பிள்ளை சம்பளம் வாங்கும் வீரனாக மாறுவது எந்தப் படிகளில் ஏறி, எந்த வயதில், யார் கைகொடுத்து என்பதை விளங்கிக்கொண்டால்தான் எம்மிடம் இருப்பது எது, இல்லாதது எது என்று தெரியும். அதற்கு ஐரோப்பா வரை போகத் தேவையில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், எம்மைப் போன்ற ஒரு முஸ்லிம் ஊரில் இருந்து புறப்பட்ட ஒருவரின் பயணமே போதுமானது.

கொண்டோட்டியில் இருந்து ஒரு பயணம்

அனஸ் எடத்தொடிகா 1987 பெப்ரவரியில் மலப்புறம் மாவட்டத்தின் கொண்டோட்டியில் பிறந்தவர். வசதியான குடும்பம் அல்ல. செலவுக்காக ஆட்டோ ஓட்டிக்கொண்டே பந்து விளையாடியவர். பின்கள வீரர். கோல் அடிப்பவரைத்தான் கூட்டம் தோளில் தூக்கும், கோலைத் தடுப்பவரின் பெயரைப் பலர் கேட்பதும் இல்லை. அப்படிப்பட்ட ஓர் இடத்தில் விளையாடிய இளைஞர், 2007ஆம் ஆண்டு மும்பை எப்.சி. என்ற கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 20 வயது.

அந்தக் கழகம் அதே வருடம்தான் தொடங்கப்பட்டிருந்தது. அது விளையாடியது இந்தியாவின் முதல்தரப் போட்டியில் அல்ல, ஐ லீக்கின் இரண்டாம் பிரிவில். அடுத்த வருடம் அந்தக் கழகம் முதலாம் பிரிவுக்குத் தரமுயர்ந்தது. அனஸும் கூடவே உயர்ந்தார். 2011இல் பூனே எப்.சி.க்குச் சென்றார். 2015இல் இந்தியன் சுப்பர் லீக்கில் டெல்லி டைனமோஸ் அணிக்கு விளையாடினார். அந்த வருடம் அந்த அணியின் பயிற்றுவிப்பாளர் பிரேசிலின் ரொபேர்ட்டோ கார்லோஸ். 2017இல் வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வில் ஜம்ஷெட்பூர் எப்.சி. கழகம் எல்லோருக்கும் முதலாவதாக அனஸைத் தெரிவு செய்தது. ஒப்பந்தத் தொகை 1 கோடியே 10 இலட்சம் இந்திய ரூபாய்.

அதே 2017 மார்ச் மாதம் கம்போடியாவுக்கு எதிராக இந்திய தேசிய அணியின் சீருடையை முதன்முறையாக அணிந்தார். வயது 30. 2019 ஜனவரியில் ஐக்கிய அரபு இராச்சியத்தில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியாவின் பின்களத்தில் நின்றார். பஹ்ரைனுக்கு எதிரான போட்டியில் ஆரம்பத்திலேயே காயமடைந்து வெளியேறிய அவர், அதன் பின் சர்வதேசப் போட்டிகளில் இருந்து ஓய்வை அறிவித்தார்.

இந்தக் கணக்கை ஒரு தடவை கவனியுங்கள். முதல் தொழில்முறைக் கழகத்தில் சேர்ந்ததில் இருந்து தேசிய அணிக்கு வர 10 வருடங்கள். ஓர் இரவில் நடந்தது எதுவும் இல்லை. ஒவ்வொரு படியிலும் சில வருடங்கள் நின்று, விளையாடி, அடுத்த படியில் இருந்தவர்கள் பார்த்துக் கைகொடுத்த பின்னர்தான் ஏறியிருக்கிறார்.

வயல்வெளியில் நடக்கும் செவன்ஸ்

மலப்புறத்தின் ஏணியில் அடிப்படி எது என்று கேட்டால் எல்லோரும் சொல்வது செவன்ஸ். அணிக்கு ஏழு பேர். அறுவடை முடிந்த வயலிலும் பாடசாலை மைதானத்திலும் மூங்கிலாலும் கமுக மரத்தாலும் பார்வையாளர் மேடை கட்டி, மின்விளக்குப் போட்டு, இரவில் நடக்கின்ற போட்டி. மழை ஓய்ந்த பின் தொடங்கி அடுத்த மழை வரும்வரை ஊர் ஊராக நடக்கும். ஆபிரிக்காவில் இருந்துகூட வீரர்களை வரவழைத்து விளையாட வைப்பார்கள். 2018இல் வெளிவந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்ற மலையாளத் திரைப்படம் அப்படியொரு வீரரைப் பற்றியது.

செவன்ஸ் பிள்ளைகளுக்கு இரண்டு விடயங்களைக் கொடுத்தது. ஒன்று, நெருக்கடியான இடத்தில் பந்தைக் காப்பாற்றும் பழக்கம். மற்றையது, ஒரு போட்டிக்கு இவ்வளவு என்று கையில் கிடைக்கும் காசு. ஆனால் செவன்ஸ் யாரையும் தொழில்முறை வீரராக ஆக்கிவிடாது. இந்திய உதைபந்தாட்ட சம்மேளனம் அதை அங்கீகரிப்பதில்லை. அங்கு அடித்த கோல் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கால் முறிந்தால் அடுத்த போட்டிக்கு வேறொருவர் வருவார், அவ்வளவுதான். செவன்ஸிலேயே நின்றுவிட்ட நூற்றுக்கணக்கான நல்ல வீரர்கள் மலப்புறத்தில் இருக்கிறார்கள். அனஸ் அங்கிருந்து வெளியே வந்தது, பதினொரு பேர் விளையாடும், பதிவுள்ள, இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று அவரைப் போன்ற ஒருவரைத் தேடியதால்.

அவருக்கு முந்திய தலைமுறைக்கு இந்த வேலையை ஓர் அரச திணைக்களம் செய்தது. திருச்சூர் மைதானத்தில் சோடாப் போத்தல் விற்ற சிறுவன் ஐ.எம். விஜயன். கேரள பொலிஸ் அணி அவரை இளவயதிலேயே எடுத்தது. விளையாட்டோடு உத்தியோகமும் கிடைத்தது. 1990இலும் 1991இலும் அந்தப் பொலிஸ் அணி இந்தியாவின் பெரிய கழகங்களை எல்லாம் தாண்டிச் சம்மேளனக் கிண்ணத்தை வென்றது. அதன் பின்னர்தான் கொல்கத்தாவின் மோகன் பகான் கழகம் விஜயனைத் தேடி வந்தது. பின்னாளில் இந்திய அணியின் தலைவரானார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இரண்டு கதைகளிலும் ஊர்ப் போட்டிக்கும் பெரிய கழகத்துக்கும் இடையில் ஒரு நடுப்படி இருந்தது. ஒருவருக்குப் பொலிஸ் அணி. மற்றவருக்கு இரண்டாம் பிரிவுக் கழகம். என் வாதம் முழுவதும் இந்த நடுப்படியைப் பற்றியதுதான்.

லெஸ்டரில் ஒன்றுசேர்ந்த மூவர்

இது எமது நாடுகளுக்கு மட்டும் உரிய கதை என்று எண்ண வேண்டாம். 2016இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிண்ணத்தை யாரும் எதிர்பாராத லெஸ்டர் சிட்டி வென்றதை எமது பிள்ளைகள் அறிவார்கள். அந்த அணியின் மூன்று தூண்களும் கீழ்ப்படிகளில் இருந்து ஏறி வந்தவர்கள்.

ஜேமி வார்டியை ஷெபீல்ட் வென்ஸ்டே கழகத்தின் இளையோர் அணி 16 வயதளவில், உடம்பு சிறியது என்று விலக்கியது. அவர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஸ்டொக்ஸ்பிரிட்ஜ் என்ற சிறிய கழகத்துக்கு வாரம் 30 பவுணுக்கு விளையாடினார். 2010இல் ஹலிபெக்ஸ், 2011இல் ஐந்தாம் பிரிவில் இருந்த ப்ளீட்வூட், 2012இல் 10 இலட்சம் பவுணுக்கு லெஸ்டர். இங்கிலாந்து அணிக்கு விளையாடும்போது வயது 28.

ரியாத் மஹ்ரெஸ் பாரிஸ் புறநகரான சார்செல்லில் வளர்ந்த அல்ஜீரிய வம்சாவளி இளைஞர். 15 வயதில் தந்தையை இழந்தவர். பிரான்சின் நான்காம் பிரிவில் இருந்த கெம்பேர் கழகத்தில் தொடங்கி, லெ ஹாவ்ர் வழியாக 2014 ஜனவரியில் லெஸ்டருக்கு வந்தார். இரண்டு வருடங்களில் இங்கிலாந்தின் சிறந்த வீரராகச் சக வீரர்களால் தெரிவு செய்யப்பட்டார். அந்த விருதைப் பெற்ற முதலாவது ஆபிரிக்க வீரர் அவர்தான்.

என்கோலோ கான்டேயின் பெற்றோர் மாலி நாட்டில் இருந்து வந்தவர்கள். அவரும் சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். சுரென் என்ற ஊர்க் கழகத்தில் வளர்ந்த அவரைக் குள்ளமானவர் என்று பெரிய கழகங்களின் பயிற்சி நிலையங்கள் எடுக்கவில்லை. 19 வயதளவில் பூலோன் கழகத்தின் இரண்டாவது அணியில் சேர்ந்தார். அங்கு விளையாடிய காலத்திலேயே கணக்கியல் படித்து முடித்தார். 2012இல் மூன்றாம் பிரிவு, 2013இல் கேன் கழகத்தில் இரண்டாம் பிரிவு, 2015இல் லெஸ்டர், 2018இல் உலகக் கிண்ணம்.

இவர்கள் மூவரையும் "அதிர்ஷ்டசாலிகள்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பிரிவுக்குக் கீழ் பிரிவு என்று அடுக்கடுக்காகக் கழகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் கீழே வென்றவர் மேலே போகிறார், மேலே தோற்றவர் கீழே இறங்குகிறார். ஆகவே மேலே உள்ளவர்கள் எப்போதும் கீழே பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 16 வயதில் விலக்கப்பட்ட பிள்ளைக்கு 20 வயதில் இன்னொரு கதவு, 23 வயதில் மற்றொரு கதவு திறக்கிறது. திறமையைப் பார்க்கத் தவறியவர்கள் இருந்தார்கள். ஆனால் தவறிய பிள்ளை விளையாடிக்கொண்டே காத்திருக்க ஓர் இடமும் இருந்தது.

தொழில்முறை வீரர் என்றால் யார்?

இந்த இடத்தில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். நன்றாக விளையாடுபவர் தொழில்முறை வீரர் என்று எம்மில் பலர் நினைக்கிறோம். பீபாவின் விதி அப்படிச் சொல்வதில்லை. கழகத்துடன் எழுத்து மூல ஒப்பந்தம் இருந்து, விளையாடுவதற்கு ஆகும் செலவை விடக் கூடுதலான பணம் வழங்கப்பட்டால் அவர் தொழில்முறை வீரர். இந்த இரண்டும் இல்லாத எவரும், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், பொழுதுபோக்கு வீரரே.

ஆகவே சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கையில் வைப்பது தொழில் அல்ல. ஒப்பந்தம் இருந்தால் குறைந்தது அந்தப் பருவம் முடியும்வரை சம்பளம் உண்டு. காரணமின்றி விலக்கினால் நட்டஈடு கேட்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவருடன் மூன்று வருடங்களுக்கு மேல் ஒப்பந்தம் செய்ய முடியாது. பிள்ளையைப் பாதுகாப்பது இந்தக் கடதாசிதான். பந்து விளையாடும் பிள்ளையின் வாப்பா முதலில் அறிந்து வைத்திருக்க வேண்டியதும் இதைத்தான்.

எமது ஏணியில் எந்தப் படிகள் உள்ளன?

இலங்கையில் உதைபந்தாட்டத்தை நீண்ட காலம் தாங்கி வந்தவர்களில் முஸ்லிம் ஊர்களுக்கும் கழகங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. கொழும்பில் ஸாஹிராவும் ஹமீத் அல் ஹுசைனியாவும் பாடசாலை மட்டத்தில் எத்தனையோ வீரர்களை உருவாக்கின. ஜாவா லேன், களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார்ஸ் என்று கழகங்களை அடுக்கலாம். எமக்கு அருகிலும் வெறுமை இல்லை. கம்பளையில் கிரிஸ்டல் பெலஸ் இருக்கிறது. நாவலப்பிட்டியில் அப் கன்ட்ரி லயன்ஸ் இருக்கிறது. கெலிஓயா புகையிரத நிலையத்தில் ஏறினால் ஒரே பாதையில் இரண்டு ஊர்களுக்கும் போய்விடலாம்.

2021 ஏப்ரலில் சுப்பர் லீக் என்ற பெயரில் 10 கழகங்களுடன் ஒரு தொழில்முறைப் போட்டித்தொடர் இலங்கையில் தொடங்கியது. அப் கன்ட்ரி லயன்ஸும் அதில் ஒன்று. மலைநாட்டுப் பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்து புகையிரதத்தில் போய் விளையாடக்கூடிய தூரத்தில் ஒரு தொழில்முறைக் கழகம்! ஆனால் கொவிட் வந்து போட்டிகளை இடைநிறுத்தியது. ஒருவாறு முடிந்தபோது புளூ ஸ்டார் சம்பியனானது. அதன் பின் அந்தத் தொடர் வருடா வருடம் ஒழுங்காக நடக்கும் ஒன்றாக வேரூன்றவில்லை. 2023 ஜனவரியில் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்ற காரணத்தால் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதிவரை அந்தத் தடை நீடித்தது.

அந்த மாதங்களை நாம் நிர்வாகச் சண்டையாக மட்டும் பார்க்கிறோம். 19 வயது வீரன் ஒருவனின் பக்கத்தில் நின்று பாருங்கள். அவனுக்கு அது திரும்பி வராத ஒரு வருடம். தேசிய அணிக்குப் போட்டி இல்லை. வெளிநாட்டில் இருந்து அவனைப் பார்க்க யாரும் இல்லை. நாட்டில் ஒரு லீக் ஒழுங்காக நடக்காவிட்டால் நேரடியாகப் பாதிக்கப்படுவது அவன்தான்.

இதன் விளைவு இன்று எல்லோருக்கும் தெரிகிறது. 2021 நவம்பரில் கொழும்பில் மாலைதீவுக்கு எதிராக 4-4 என்று சமநிலையில் முடிந்த போட்டியில் இலங்கையின் நான்கு கோல்களையும் அடித்தவர் வசீம் ராசீக். பங்களாதேஷை 2-1 என்று வென்ற போட்டியிலும் இரண்டு கோல்களும் அவருடையவை. எமது சமூகம் பெருமைப்பட்ட நாட்கள் அவை. ஆனால் வசீம் ஜேர்மனியில் பிறந்து, அங்குள்ள கழகங்களில் வளர்ந்தவர். 2024 செப்டம்பரில் கம்போடியாவை பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் அடுத்த கட்டத்துக்குப் போன அணியிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் வருவது நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அதே இரத்தம், அதே உடல்வாகு கொண்ட பிள்ளை அங்கு வளர்ந்தால் தேசிய வீரன், கெலிஓயாவில் வளர்ந்தால் ஊர் வீரன் என்றால் குறை பிள்ளையில் இல்லை என்பது விளங்குகிறது அல்லவா?

18 முதல் 22 வரை

எமது ஊர்களில் உதைபந்தாட்டம் எந்த வயதில் நின்றுபோகிறது என்று நான் கவனித்து வந்திருக்கிறேன். 10 வயதில் எல்லோரும் விளையாடுகிறார்கள். 15 வயதில் பாடசாலை அணி இருக்கிறது. 17 வயதில் ஊர்க் கழகம் அழைக்கிறது. உயர்தரப் பரீட்சை முடிந்து ஒரு வருடத்துக்குள் கடவுச்சீட்டு எடுக்கப்படுகிறது. கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறான். அல்லது கடையில் நிற்கிறான். அதன் பின் வெள்ளிக்கிழமைகளில் அங்குள்ள நண்பர்களோடு விளையாடும் ஆட்டம்தான்.

அனஸ் மும்பைக்குப் போனது 20 வயதில். கான்டே இரண்டாவது அணியில் பொறுமையாக இருந்தது 19 முதல் 21 வரை. வார்டி தொழிற்சாலையில் நின்ற வயதும் அதுதான். அவர்களை வீரர்களாக ஆக்கிய அதே நான்கு வருடங்களில்தான் எமது பிள்ளைகள் விளையாட்டை விடுகிறார்கள். இதில் பிள்ளையின் மீது பிழை இல்லை. வீட்டுக்குக் காசு வேண்டும். காத்திருக்கும் காலத்தில் சாப்பாட்டுக்கு வழி செய்யும் நடுப்படி இங்கு மிகவும் மெலிந்திருக்கிறது.

முழுமையாக இல்லை என்றும் சொல்ல முடியாது. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகள் இலங்கையின் முன்னணி அணிகளில் உள்ளன. சுப்பர் லீக்கில் விளையாடிய டிபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் ஆகிய மூன்றும் முப்படைகளின் அணிகளே. விஜயனுக்குக் கேரள பொலிஸ் செய்ததைத்தான் இவை இங்கு செய்கின்றன. எமது பிள்ளைகளில் இந்த வழியை யோசிப்பவர்கள் குறைவு. மாலைதீவு இன்னொரு வழி. இலங்கை அணியின் தலைவராக இருந்த கோல்காப்பாளர் சுஜான் பெரேரா அங்குள்ள கழகங்களில் விளையாடியவர். ஆனால் இந்த இரண்டு கதவுகளையும் தட்டுவதற்கு முன்னர் ஒரு பிள்ளையிடம் இருக்க வேண்டியது பதிவு.

பதிவில்லாத பிள்ளை கண்ணில் படமாட்டான்

எமது பகுதியில் சுற்றுப்போட்டிகளுக்குக் குறைவில்லை. பெருநாள் விடுமுறையில், பாடசாலை விடுமுறையில், ஐவர் ஆட்டம், எழுவர் ஆட்டம் என்று நடக்கின்றன. கிண்ணம், பணப்பரிசு, ஒலிபெருக்கியில் வர்ணனை, எல்லாம் சிறப்பு. ஆனால் ஞாயிறு மாலை கிண்ணத்தைக் கொடுத்து முடிந்ததும் அந்தப் பிள்ளை எத்தனை போட்டியில் விளையாடினான், எத்தனை கோல் அடித்தான் என்பது யாருடைய பதிவிலும் இல்லை. கைத்தொலைபேசியில் ஒரு புகைப்படம் மிஞ்சும். மலப்புறத்தில் செவன்ஸோடு நின்றுவிட்டவர்களின் கதை இங்கும் அதுவேதான்.

தேசிய சம்மேளனத்தின் கீழுள்ள லீக் ஒன்றில் கழகத்தின் பெயரில் வீரரைப் பதிவு செய்வது வேறு. அந்தப் பதிவு பீபாவின் அடையாள இலக்கத்தோடு இணைகிறது. எந்த வயதில் எந்தக் கழகத்தில் இருந்தான் என்பது வீரரின் கடவுச்சீட்டு என்று அழைக்கப்படும் ஆவணத்தில் ஏறுகிறது. வேறொரு நாட்டுக் கழகம் அவனை எடுப்பதாக இருந்தால் அதைத்தான் கேட்கும்.

இதில் ஊர்க் கழகத்துக்கும் பங்கு இருக்கிறது என்பதை எமது கழக நிர்வாகிகளில் பலர் அறிந்திருப்பதில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் ஒருவர் இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விலைக்கு மாற்றப்படும்போது அந்தத் தொகையில் 5 வீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும். 12 முதல் 15 வரையான ஒவ்வொரு வருடத்துக்கும் 0.25 வீதம், 16 முதல் 23 வரையான ஒவ்வொரு வருடத்துக்கும் 0.5 வீதம். ஒரு கோடி ரூபாய் மாற்றத் தொகை என்று வைத்துக்கொண்டால், 16 முதல் 19 வரை நான்கு வருடங்கள் வைத்திருந்த ஊர்க் கழகத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாய். ஒரு சிறிய கழகத்துக்குப் பந்தும் சப்பாத்தும் வாங்க அது போதும். 2022 நவம்பர் முதல் இந்தப் பணத்தைக் கணக்குப் பார்த்துப் பகிர பீபா தனி நிறுவனம் ஒன்றையே நடத்துகிறது. ஆனால் பதிவு இல்லாத கழகத்துக்கு ஒரு சதமும் வராது.

வாக்குறுதியோடு வருபவர்கள்

ஏணி இல்லாத இடத்தில் ஏமாற்றுபவர் வருவார். "வெளிநாட்டுக் கழகத்தில் தெரிவு இருக்கிறது, இவ்வளவு கட்டினால் பிள்ளையை அனுப்பலாம்" என்று பெற்றோரிடம் பேசுபவர்கள் உலகின் பல ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். ஆபிரிக்காவில் இருந்து இப்படி அழைத்து வரப்பட்டு நடுத்தெருவில் விடப்பட்ட பிள்ளைகள் ஏராளம். பெற்றோர் மூன்று விடயங்களை மனதில் வைத்தால் போதும். 18 வயதுக்குக் குறைந்த வீரரை ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றுவதைப் பீபா மிகச் சில விதிவிலக்குகள் தவிரத் தடை செய்துள்ளது. வீரர்களுக்கான முகவர் பரீட்சை எழுதிப் பீபாவின் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும், அந்தப் பெயர்ப்பட்டியல் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது. மூன்றாவது, உண்மையாகவே பிள்ளையை விரும்புகின்ற கழகம் அவனுக்காகச் செலவு செய்யும், அவனிடம் காசு கேட்காது. காணியை ஈடு வைக்கச் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

ஊரால் செய்யக்கூடியவை

தேசிய லீக்கை ஒழுங்குபடுத்துவது எமது கையில் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அடிப்படிகளில் சிலவற்றை ஊராலேயே போட முடியும்.

முதலாவது, சுற்றுப்போட்டிக்குச் செலவாகும் காசில் ஒரு பகுதியையாவது லீக் பதிவுக்கும் வயதுப்பிரிவு அணிகளுக்கும் ஒதுக்கலாம். ஒரு பெரிய கிண்ணத்தின் விலையில் ஓர் அணியின் பதிவு ஆவணங்களைச் சரிசெய்துவிட முடியும். எழுவர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை, அதுதான் பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுவருகிறது. அதோடு பதினொருவர் ஆட்டமும் வருடத்தில் சில மாதங்களாவது முழு மைதானத்தில் நடக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு கழகத்திலும் ஒருவர் எழுத்து வேலைக்கு இருக்க வேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, போட்டி விபரம், காயங்கள், எல்லாம் ஒரு கோப்பில். கைத்தொலைபேசியில் முழுப் போட்டியையும் பதிவு செய்து வைப்பது இன்று பெரிய செலவு அல்ல. வெட்டி ஒட்டிய ஒரு நிமிடக் காணொளியை விட முழு 90 நிமிடப் பதிவையே பயிற்றுவிப்பாளர்கள் நம்புவார்கள்.

மூன்றாவது, 18 முதல் 22 வரையான காலத்துக்குக் கைகொடுப்பது. ஊரில் வசதியான வியாபாரிகள் இருக்கிறார்கள். நல்ல வீரன் ஒருவனுக்குக் காலையில் வேலை, பின்னேரம் பயிற்சி என்று இடம் கொடுக்க ஒரு கடையால் முடியும். வெளிநாட்டில் இருக்கும் எமது சகோதரர்கள் கிண்ணத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை, கம்பளைக்கோ நாவலப்பிட்டிக்கோ பயிற்சிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளின் பயணச் செலவுக்கு ஒதுக்கலாம்.

நான்காவது, படிப்பை விடச் சொல்லாமல் இருப்பது. கான்டே கணக்கியல் படித்தது தற்செயல் அல்ல. பந்து கைவிட்டால் பிடிக்க ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அது. ஆயிரம் பேர் ஏறத் தொடங்கினால் உச்சிக்குப் போவது ஒருவரோ இருவரோதான். மீதமுள்ளவர்கள் நடுவில் இறங்கும்போது காலூன்ற நிலம் இருக்க வேண்டும். சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் முடித்து, ஒரு தொழிற்பயிற்சியும் கையில் இருக்கின்ற பிள்ளை பயமின்றி விளையாடுவான். பெற்றோரும் பயமின்றி விடுவார்கள்.

இப்போது அந்த வாப்பாவின் கேள்விக்கு வருவோம். பந்தடித்து என்னத்தைக் காண்பது? நேர்மையான பதில் இதுதான்: இன்றைய நிலையில் கெலிஓயாப் பிள்ளை ஒருவன் உதைபந்தாட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பத்தை நடத்துவது மிகவும் கடினம். அதை மறைத்துப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது பாவம். ஆனால் கொண்டோட்டியில் ஆட்டோ ஓட்டியவரால் ஆசியக் கிண்ணம் வரை போக முடிந்தது என்பதும் உண்மை. அவருக்கும் எமது பிள்ளைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் காலில் இல்லை. அவர் 20 வயதில் நிமிர்ந்து பார்த்தபோது கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த படி இருந்தது.

மேலே உள்ள படிகளை நாடு போடட்டும். கீழே உள்ள இரண்டு படிகளையாவது நாம் போட்டுவிடுவோம். இந்த வருட விடுமுறைச் சுற்றுப்போட்டிக்கான கூட்டத்தில், கிண்ணத்தின் உயரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், எமது கழகத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பதிவு இருக்கிறது என்று ஒருவராவது கேட்டால் போதும். அங்கிருந்து தொடங்கலாம்.